கவசத்துக்குள் ஜெகபர் சாதிக்

மச்சானுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவர்கள் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியவர்களும் உண்டு. பூமிக்கு உள்ளேயே புகுந்து ஒளிந்துகொண்ட ஆள் காரைக்காலில் ஜெகபர் சாதிக் ஒருவன்தான். அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் ஆண்களெல்லாம் குளித்து அத்தர் பூசிக்கொண்டு ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புகிற நேரத்தில். நாற்பதைத் தாண்டிய மனுஷன் செய்கிற காரியமா இது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் மச்சான் அஜ்மீரின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவனுக்கு வந்ததே ஒரு பயம், அது அவனவனுக்கு வந்தால்தான் தெரியும்.

அந்தப் பூமியைக் கட்டியவனும் அவனேதான். ஒன்பதாவது படிக்கிற மகள் நௌஷினுக்கு மறுநாள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி, அதற்காக அன்றைக்கு லீவு. மற்ற பிள்ளைகள் தெர்மாகோல் பந்தில் கால்வாசியை வெட்டி எடுத்து, உள்ளே மஞ்சளும் சிவப்பும் பூசி, பூமியின் அடுக்குகள் என்று எழுதி ஒட்டி வேலையை முடித்துவிட்டார்கள். நௌஷினுக்கு அதெல்லாம் ஆகாது. முழுப் பூமி வேண்டும், ஆளைவிட உயரமாக வேண்டும், சுவிட்சைத் தட்டத் தட்ட நடுவிலிருந்து ஒவ்வோர் அடுக்காக எரிந்துகொண்டு வர வேண்டும்.

சாதிக் தர்கா கந்தூரி ஊர்வலத்துக்குக் காகிதக் கப்பல் கட்டுகிற தெருவில் பிறந்தவன். மூங்கிலைப் பிளாச்சுப் பிளாச்சாகச் சீவி, கட்டுக்கம்பியால் கூடு முடைந்து, புளியங்கொட்டைப் பசை தடவிக் காகிதம் ஒட்டுவதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சவூதியிலிருந்து திரும்பி வந்த நாளாக வீட்டில் சும்மாவே உட்கார்ந்திருந்த மனுஷன், மகள் கேட்டதும் கொல்லைத் தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்து வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் சிரித்துப் பேசியதே அந்தக் கொட்டகையில்தான்.

மகள் அளவு விஷயத்தில் கறாரோ கறார். "நெஜ பூமியில நடுவுலேர்ந்து வெளிய வர்ற தூரத்துல கவசம் மட்டும் கிட்டத்தட்டப் பாதி வாப்பா. நம்மளதுலயும் பாதி இருக்கணும். சும்மா கண்ணளவுக்கெல்லாம் கட்டாதீங்க" என்று டேப்பை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னபடியே நடுவில் பானை அளவுக்கு ஒரு மஞ்சள் உருண்டை, அது உட்கரு. அதைச் சுற்றி ஆரஞ்சுக் காகிதம் ஒட்டிய மூங்கில் கூடு, அது வெளிக்கரு. அதற்கும் வெளியே ஒன்றரை அடி இடைவெளி விட்டு ஒரு பெரிய கூடு. இடைவெளி முழுக்கச் சிவப்பு சீரியல் லைட் சுற்றியிருந்தது, அதுதான் கவசம். பெரிய கூட்டின் மேல் ஒட்டிய நீலக் காகிதம்தான் மேலோடு. கண்டம், கடல், நாம் கட்டியிருக்கிற வீடு வாசல், சண்டை சச்சரவு எல்லாம் அந்தக் காகிதக் கனத்துக்குள் அடக்கம். "இந்தக் கனம்கூட ஜாஸ்திதான், பரவால்ல" என்று நௌஷின் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தாள்.

கப்பல் கூடு கட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டில் ஆள் நுழைய ஒரு வாய் விட்டிருப்பார்கள். எவன் நுழைந்தாலும் செருப்பை அந்த வாய்ப்பக்கம் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நுழைவான். வெளியே ஒட்டுகிறவன் குரல் கொடுக்க மாட்டான், குனிந்து எட்டிப் பார்க்கவும் மாட்டான். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு, கிடக்கவில்லை என்றால் வாயைக் கட்டி ஒட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இதை மனைவி சஃபியாவுக்கும் மகளுக்கும் சாதிக்தான் முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். "என் செருப்பப் பாக்காம மூடிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டு வேறு சொன்னான்.

இனி அஜ்மீர் ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவர் சஃபியாவின் அண்ணன். நேரு வீதிப் பக்கம் எலக்ட்ரிக்கல் கடை, வாய் நிறையப் பேச்சு, கை நிறைய மோதிரம். மாப்பிள்ளை மறுபடியும் சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போவதற்கு ஏஜென்ட்டைப் பிடித்து விசா வாங்கிவிட்டார். அதே சவூதி, அதே குழாய் பதிக்கிற கம்பெனி, அதே ஃபிட்டர் வேலை. அடுத்த வாரம் பயணம். அன்றைக்கு ஜும்ஆ முடிந்த கையோடு விசா முத்திரைக்காகப் பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில் கொடுப்பதாக வாக்கும் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சாதிக் ஒரு தடவையும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் பேச்சு வந்தாலே எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவான், அவ்வளவுதான்.

அன்றைக்கும் அப்படித்தான். பைக் சத்தம் கேட்டதும், கவசத்தில் ஒரு ஒயர் விட்டுப்போயிருக்கிறது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, குறட்டோடு கூட்டின் வாய் வழியாக உள்ளே ஊர்ந்தான். ஒயர் விட்டுப்போயிருந்ததும் நிஜம்தான். அதை ஒட்டி முடித்துவிட்டு அடிப்பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் மேலோடு, மூக்குக்கு முன்னால் வெளிக்கரு. காகிதம் வழியே வெளிச்சம் நீலமாகக் கசிந்தது.

"மாப்ள எங்க சஃபியா?"

"கொல்லையில பூமி கட்டிக்கிட்டு இருப்பாரு, போய்ப் பாருங்க நானா." அண்ணனை நானா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

அஜ்மீர் கொட்டகைக்குள் வந்து நின்று, "மாப்ள, ஓ மாப்ள" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். சாதிக் மூச்சை அடக்கிக்கொண்டான். வாய்ப்பக்கமாகப் பார்த்தால் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால் திரும்பும்போது படியில் இடறி, செருப்பின் வார் பட்டென்று அறுந்தது. "சே, இதுக்கு இப்பத்தானா நேரம் வந்துச்சு" என்று அதை ஒரு மூலையில் எத்திவிட்டு, கீழே கிடந்த சாதிக்கின் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். வீட்டு மாப்பிள்ளையின் செருப்புதானே, போட்டுக்கொள்ள யாரைக் கேட்க வேண்டும்? தன் செருப்பு அடுத்தவர் காலில் நடந்து போவதைச் சாதிக் உள்ளிருந்து பார்த்தான். அப்போது அவனுக்கு நிம்மதிதான் வந்தது, புத்தி வரவில்லை.

அவர் தெருவைத் தாண்டட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தான். அதற்குள் சஃபியாவும் நௌஷினும் பசைச் சட்டியோடு வந்துவிட்டார்கள். சஃபியா நேராகத் தரையைத்தான் பார்த்தாள்.

"செருப்பக் காணோம். ஒங்க வாப்பா ஜும்ஆக்குப் போயிட்டாரு. வா, வாய மூடிருவோம். சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் இதைப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டுப் போக புகழேந்தி வண்டி எடுத்துக்கிட்டு வந்துருவான், அதுக்குள்ள பசை காயணும்."

அப்போதே ஊர்ந்து வெளியே வந்திருக்கலாம். தலையை நீட்டி ஈ என்று இளித்திருந்தால் சஃபியா தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பாள், கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மாமாவுக்குப் பயந்து ஒளிந்திருந்தேன் என்று பெற்ற மகளிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? என்ன பொய் சொல்லலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நௌஷின் கேட்டாள்.

"வாப்பா போய்த்தான் ஆகணுமா உம்மா?"

"போகாம?" சஃபியா மூங்கில் மூடியைத் தூக்கி வாயில் பொருத்தினாள். "எப்பப் பயணம், எப்பப் பயணம்னு தெருவுல என்னைக் கேக்காத ஆளு இல்ல. மீன் விக்கிறவ வரைக்கும் கேக்குறா. நானா மூஞ்சிய நிமுந்து பாக்க முடியல என்னால. நல்லா ஒழைச்ச மனுஷன்தான், இப்ப ஒடம்பு வளைய மாட்டேங்குது. ராத்திரி வெளக்க அணைக்க விட மாட்டேங்குறாரு. பாத்ரூம் கதவைத் தாழ் போடக்கூட சோம்பேறித்தனம், பாதி தொறந்து போட்டுக்கிட்டுக் குளிக்கிறாரு. இப்படியே இருந்தா என்னதான் ஆகுறது, நீயே சொல்லு."

சோம்பேறி! வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் துடைத்துப் போட்டிருப்பான். அவள் சொன்னது நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. சொல்லலாம் என்று நினைத்த பொய்யை விழுங்கிக்கொண்டான். கட்டுக்கம்பியைச் சுற்றிச் சுற்றி முறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஈரக் காகிதத்தைத் தட்டித் தட்டி ஒட்டும் சத்தம். கடைசியாக வாய் இருந்த இடத்தில் வட்டமாகத் தெரிந்த கொட்டகைத் தரையும் மறைந்துபோனது. இரண்டு பேரும் கை கழுவப் போய்விட்டார்கள்.

சரி, மச்சான் தொழுது முடித்து ஏஜென்ட்டைப் பார்க்கப் போகட்டும், பிறகு கூப்பிடலாம் என்று முதலில் தெம்பாகத்தான் இருந்தான். குறடு கையில் இருக்கிறதே, கம்பியை நறுக்கினால் ஆயிற்று என்றும் நினைத்தான். ஆனால் கம்பியின் முறுக்கெல்லாம் வெளிப்பக்கம். பிளாச்சுகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி, கையைத்தான் விடலாம், தோளை விட முடியாது, முறுக்கு எட்டாது. புரண்டு படுக்கலாம் என்று பார்த்தான். முட்டி வெளிக்கருவில் இடித்தது, முதுகில் மூங்கில் குத்தியது. தகரக் கொட்டகை வேறு சூடேறிக்கொண்டிருந்தது. ஃபோன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது.

பள்ளிவாசல் ஸ்பீக்கரில் குத்பா பிரசங்கம் தொடங்கியது. வெள்ளிக்கிழமைத் தொழுகையை விட்டுவிட்டுக் காகிதப் பந்துக்குள் கிடக்கிறோமே, அல்லாஹ்வே, என்று அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. படுத்தபடியே இறைவன் பெயரைச் சொல்லித் திக்ர் ஓதினான். ஓதிக்கொண்டிருக்கும்போதே மூச்சு குறுகத் தொடங்கியது.

அந்த மூச்சு அவனுக்குப் பழக்கமான மூச்சு. சவூதியில் தம்மாமுக்கு வெளியே, குழாய் பதிக்க வெட்டிய பள்ளத்தில் அவன் இப்படித்தான் மூச்சு விட்டான். அங்கே தரையின் மேல்பக்கம் காங்கிரீட் போட்டாற்போலக் கெட்டி மண். கடப்பாறை இறங்காது. அதை நம்பித்தான் பக்கத்தில் பலகை கொடுக்காமல் இறங்கினார்கள். கெட்டி மண்ணுக்குக் கீழே இருந்ததோ சர்க்கரை மாதிரி உதிர் மணல். உதிர் மணல் சரிந்து ஓடியதும் மேலே இருந்த கெட்டி மண் அப்படியே பாளமாகப் பிளந்து விழுந்தது. சாதிக்கைக் கழுத்து வரைக்கும் மூடியது. பக்கத்தில் ஜாயின்ட் பிடித்துக்கொண்டிருந்த ராம்பிரவேஷ் என்ற பீகார்க்காரரை முழுசாக மூடிவிட்டது. இயந்திரத்தைக் கொண்டுவந்தால் மிச்சமும் சரியும் என்று ஆட்கள் தட்டை வைத்து அள்ளினார்கள். மணல் நெஞ்சைச் சுற்றி இறுகிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவை மூச்சை விடும்போதும் விட்ட இடத்தை மணல் பிடித்துக்கொண்டது, அடுத்த மூச்சு அதைவிடச் சின்னதாக வந்தது. சாதிக்கை எடுத்தார்கள். ராம்பிரவேஷின் உடலைத்தான் எடுத்தார்கள்.

வீட்டுக்கு அவன் சொன்னது, காண்டிராக்ட் முடிந்துவிட்டது என்று. சபர் போன ஆம்பளை அங்கே பட்டதை இங்கே சொல்வதில்லை என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். அவனுடைய வாப்பாவும் சொன்னதில்லை, மாமனாரும் சொன்னதில்லை. பெட்டி நிறையச் சாமானும் வாய் நிறையச் சிரிப்புமாக வந்து இறங்குவார்கள். சாதிக்கும் அப்படியே சிரித்துக்கொண்டு வந்து இறங்கினான். இப்போது அதே பள்ளத்துக்குத்தான் விசா வந்திருக்கிறது.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கை குறட்டைப் பிடித்தபடியே விறைத்துப்போயிருந்தது. அது காகிதம்தான், விரலால் குத்தினால் ஓட்டை விழும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? உடம்பு அதைக் காகிதம் என்று நம்ப மறுத்தது.

நௌஷின் மட்டும் திரும்பி வந்தாள். மறுநாள் நடுவர்கள் முன்னால் பேச வேண்டியதை ஒருதரம் சொல்லிப் பார்க்க வந்திருக்கிறாள். தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் சுவிட்சைத் தட்டினாள். சாதிக்கின் மூக்குக்கு எதிரே ஆரஞ்சுக் காகிதத்துக்கு உள்ளே மஞ்சள் உருண்டை எரிந்தது.

"அனைவருக்கும் வணக்கம். இது உட்கரு. பூமியிலேயே சூடான இடம் இதுதான். சூரியனோட மேற்பரப்பு எவ்வளவு சூடோ, கிட்டத்தட்ட அவ்வளவு சூடு. இரும்பும் நிக்கலும். அந்தச் சூட்டுக்கு அது உருகி ஓடியிருக்கணும். ஆனா உருகல. ஏன்னா மேல இருக்கிற அத்தனை அடுக்கும் நாலாப் பக்கமும் சேந்து அதை அமுக்குது. அந்த அமுக்குல அதால உருகக்கூட முடியல."

உள்ளே கிடந்த சாதிக்குக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. தன் மகளுக்குத் தன்னைத் தெரிந்துவிட்டது போலிருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம், அவள் பாட்டுக்குப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சுவிட்ச். "இது வெளிக்கரு. அதே இரும்பு, அதே நிக்கல்தான், ஆனா அமுக்கம் கொஞ்சம் கொறையுறதால உருகித் திரவமா ஓடுது. அது ஓடுறதாலதான் பூமிக்குக் காந்தப்புலம் கெடைக்குது." ஆரஞ்சு வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது.

மூன்றாவது சுவிட்ச். "இது கவசம். பாறைதான், திடம்தான். ஆனா ரொம்ப ரொம்ப மெதுவா நகந்துக்கிட்டே..."

அத்தோடு பேச்சு நின்றது. அவன் ஒட்டிய ஒயர் ஒழுங்காக வேலை செய்து, சிவப்பு சீரியல் லைட் மொத்தமும் அவனைச் சுற்றிப் பற்றிக்கொண்டு எரிந்தது. வெளியே நின்ற நௌஷினுக்கு, நீலக் கடலுக்குக் கீழே கறுப்பாக ஓர் உருவம் சுருண்டு கிடப்பது தெரிந்தது.

"உம்மாஆஆ!"

சஃபியா அகப்பையும் கையுமாக ஓடி வந்தாள். பார்த்தாள். "பெருச்சாளி! பெருசா ஒண்ணு புகுந்துருக்கு பாரு. எல்லாத்தையும் கடிச்சு வைக்கப் போவுது" என்று மூலையில் கிடந்த தென்னந்துடைப்பத்தை எடுத்து, அதன் அடிக்கட்டையால் காகிதத்தோடு சேர்த்து நன்றாக ஒரு குத்துக் குத்தினாள்.

"ஆ!"

அந்தக் குத்துதான் அவன் தொண்டையைத் திறந்துவிட்டது. "நான்தான் சஃபியா" என்றான்.

துடைப்பம் கீழே விழுந்தது. "யா அல்லாஹ், நீங்களா! ஜும்ஆக்குப் போகலியா நீங்க? செருப்பு இல்லியே!"

"மச்சான் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு."

"இருக்கேன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? கல்லு மாதிரி கெடந்துருக்கீங்களே! கம்பிய உள்ளேர்ந்து நறுக்க முடியாதா? குறடு ஒங்க கையிலதான இருக்கு?"

"முடியல. கை வர மாட்டேங்குது."

சஃபியா அடுத்த வசவுக்கு வாயெடுத்தவள், அவன் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டு நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அந்த மூச்சை அவள் கேட்டதில்லை. "நௌஷின், ஓடு. பக்கத்து வீட்டு செந்தில்குமார்கிட்ட குறடு இருக்கும், வாங்கிட்டு வா. ஓடு புள்ள" என்று மகளை விரட்டிவிட்டு, பந்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் முதுகு நிழலாடிய இடத்தில், காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே அந்த முதுகு நடுங்குவது அவள் கைக்குத் தெரிந்தது.

"என்னங்க. என்ன ஆச்சு ஒங்களுக்கு?"

நேருக்கு நேர் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சிரித்திருப்பான். முகம் தெரியவில்லை, கை மட்டும் முதுகில் இருந்தது. சொல்லிவிட்டான். கெட்டி மண், உதிர் மணல், கழுத்து வரைக்கும் புதைந்தது, எல்லாம். முன்னும் பின்னுமாகச் சொன்னான், நடுநடுவே மூச்சு வாங்கினான்.

"அவரு கை மட்டும் எங்கிட்ட இருந்துச்சு சஃபியா. மண்ணுக்குள்ள என் கையப் புடிச்சிருந்தாரு. ராம்பிரவேஷ். பயப்படாதீங்க, அள்ளிக்கிட்டு இருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொல்லிக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரம் அழுத்தி அழுத்திப் பதில் சொன்னாரு. அப்புறம் சொல்லல. அவரு கைய விட்டதுக்கப்புறமும் நான்தான் ரொம்ப நேரம் அதைப் புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

விளக்கை அணைக்க விடாததும், பாத்ரூம் கதவும், ஒவ்வொன்றாகச் சஃபியாவுக்குப் புரிந்துகொண்டிருந்தது. இந்த வாயால்தானே சோம்பேறி என்றோம் என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? இது ஒன் வீடு. நான் வந்த மாப்பிள்ளை. சம்பாதிக்கப் போனவன் பயந்து ஓடியாந்துட்டான்னு ஒங்க வீட்டு ஆளுங்க முன்னாடி நான் எப்படி உக்காந்து சோறு திங்கிறது?"

அந்த ஊர் வழக்கம் அப்படி. வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வந்த நாளிலிருந்து அவனுக்கு மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, மணக்க மணக்க ஆக்கிப் போடுவார்கள். அவன் வெளியூரில் இருந்து சம்பாதிக்கிற வரைக்கும் அந்த மரியாதை நிமிர்ந்து நிற்கும்.

குத்பா முடிந்து, தொழுகையும் முடிந்து, தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அஜ்மீர் வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன சஃபியா, மாப்ள பள்ளிக்கே வரல போலிருக்கு. எங்க அவரு? பாஸ்போர்ட்ட எடு, ஏஜென்ட் ஆபீஸ்ல ஒக்காந்திருக்காரு."

"இதுக்குள்ள இருக்காரு நானா."

அஜ்மீர் சிவப்பாக எரிகிற பந்தையும் அதற்குள் கிடக்கிற நிழலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "நல்லாருக்கு போ! பயணத்துக்குப் பயந்து இதுக்குள்ள பூந்துக்கிட்டாரா? ஊருல சொன்னா சிரிப்பா சிரிப்பானுங்க. அட, வெளிய வாங்க மாப்ள, சின்னப் புள்ளையாட்டம்..."

"அவரு போகல நானா."

"அவரு சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

சிரிப்பு நின்றது. "என்ன வெளையாடுறியா? நான் வாக்குக் குடுத்துருக்கேன். எத்தனை பேரு காலப் புடிச்சு வாங்குன விசா தெரியுமா? வேலையில்லாத மாப்பிள்ளைய வீட்டுக்குள்ள வச்சுக்கிட்டு ஊருல நான் தலை நிமுந்து நடக்கணுமா? இது நம்ம வாப்பா வேர்வை சிந்திக் கட்டுன வீடு, ஞாபகம் இருக்கட்டும்."

சாதிக் உள்ளே கண்ணை மூடிக்கொண்டான். மண் சரியப்போகிற சத்தம் அவனுக்குத் தெரியும். சஃபியா இப்போது அழுவாள், பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்துவிடுவாள். வாப்பா பெயரை அண்ணன் எடுத்தால் அவள் எப்போதும் அப்படித்தான்.

"வாப்பா எனக்குக் கட்டிக் குடுத்த வீடு நானா" என்றாள் சஃபியா. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இதுல யாரு இருக்கணும், யாரு படி எறங்கிப் போகணும்னு நான்தான் சொல்லணும். இத்தனை நாளா நீங்க சொன்னீங்க, நான் தலையாட்டுனேன். என் புருஷன் அங்க மண்ணுல பொதைஞ்சு பொழைச்சு வந்துருக்காரு, எனக்கே இப்பத்தான் தெரியும். திரும்பியும் அந்தக் குழிக்கு அவரை நான் அனுப்ப மாட்டேன். ஏஜென்ட்கிட்ட என் பேரைச் சொல்லுங்க. என் தங்கச்சி திமிரு புடிச்சவ, அவதான் விடலன்னு சொல்லுங்க."

தங்கை எழுந்து நின்ற விதத்தை அஜ்மீர் ஏற இறங்கப் பார்த்தார். "இனி எதுக்கும் எங்கிட்ட வந்து நிக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று போனார். வாசல் கதவு சுவரில் மோதியது. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கிப்போட்டது. அண்ணன் என்று அவளுக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

கொட்டகை வாசலில் நௌஷின் குறட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"கிழிச்சாத்தான் மூடியத் தொறக்க முடியும்டி. நாளைக்கு ஒனக்கு..."

"கிழிங்க உம்மா!" என்று கத்தினாள் நௌஷின்.

சஃபியா குறட்டை வாங்கினாள். நௌஷினும் பிய்க்கக் கையை நீட்ட, அதைத் தள்ளிவிட்டாள். "வேணாம். மூடுனவ நான். நானே தொறக்குறேன்."

நீலக் காகிதத்தை நகத்தால் பிய்த்தாள். தான் முறுக்கிய கம்பிகளைத் தேடித் தேடி நறுக்கினாள். ஒரு கம்பி விரலைக் கிழித்தது, அவள் பார்க்கவில்லை. மூங்கில் மூடி பெயர்ந்து விழுந்தது.

சாதிக் வெளியே வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, வெளிச்சம் தெரிகிறது, காற்றும் வருகிறது, ஆனால் கால் நகரவில்லை. முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "வரேன், வரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அப்படிச் சொல்லிக்கொண்டே தேம்பி அழுதான். சவூதியிலிருந்து வந்த நாளாக அவன் அழுது யாரும் பார்த்ததில்லை.

சஃபியா அவனை இழுக்கவில்லை. வாங்க என்றும் சொல்லவில்லை. தலை முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தரையில் படுத்து, அந்தப் பொந்துக்குள் தலையை விட்டாள். அவள் கொஞ்சம் பூசினாற்போல உடம்பு. தோள் மாட்டியது, மூங்கில் படபடவென்று முறிந்தது, மேலே ஒரு கண்டம் முழுசாகக் கிழிந்து தொங்கியது. அதையெல்லாம் பொருட்படுத்தாமல் அவன் பக்கத்தில் போய் ஒட்டிப் படுத்து, விறைத்துக் கிடந்த அவன் கையிலிருந்து குறட்டை வாங்கிப் போட்டுவிட்டு, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளிருந்து அந்தக் கை அவள் கையைத் திருப்பி அழுத்தியது.

வாசலில் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. புகழேந்தி இறங்கிக் கொல்லைப் பக்கம் வந்து, "என்னம்மா நௌஷின், பூமி ரெடியா? ஏத்தலாமா?" என்று கேட்டான்.

நௌஷின் கொட்டகைக் கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் இருங்கண்ணே" என்றாள். "உம்மாவும் வாப்பாவும் உள்ள இருக்காங்க."